கார்டு வேலை செய்யாத காலை

அன்புள்ள ஐயா,
2022-இல் இலங்கை திவாலானதற்கு ஆட்சியாளர்களின் கோளாறுதான் காரணம். கொரோனா, உக்ரைன் போர் என்று வெளியே கைகாட்டுவது வெறும் சாக்கு. சுற்றுலா பற்றிய உங்கள் கட்டுரை அந்தச் சாக்குக்குத் துணைபோகிறது.
கே., திருச்சி

அன்புள்ள கே.,
ஆட்சியாளர்களுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஆசையில்லை. 2019 கடைசியில் வரிகளை வெட்டிக் கஜானாவை ஓட்டையாக்கியது வெளியாள் அல்ல. ஆனால் ‘வெறும் சாக்கு’ என்பதை ஏற்கமாட்டேன்.

2018-இல் 23 லட்சம் பயணிகள் வந்தார்கள். அடுத்த ஆண்டு ஈஸ்டர் குண்டுகள், பிறகு கொரோனா. 2021-இல் 2 லட்சம் பேர்கூட வரவில்லை. மூடிய நாட்டுக்குள் முதலில் வந்திறங்கிய கூட்டம் உக்ரைன்காரர்கள், 2020 டிசம்பர் இறுதியில், மத்தளவில். (விமானமே வராத விமான நிலையம் என்று ஊர் சிரித்த அதே மத்தள.) 2022 ஜனவரியில் அதிகம் வந்தவர்கள் ரஷ்யர்கள், உக்ரைனும் முதல் 3 இடங்களுக்குள். அடுத்த மாதமே இருவருக்குள்ளும் போர்.

அந்த மார்ச்சில் தென்கரைக் கடற்கரை ஊரான மிரிஸ்ஸவில் 4 அறைகள் கொண்ட ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்து அறை ரஷ்யத் தம்பதி கணக்கு முடிக்க வந்தார்கள். ரஷ்ய வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் வெளிநாடுகளில் முடங்கியிருந்தன. வீட்டுக்கார அம்மாள் கார்டைக் கவுன் ஓரத்தில் துடைத்துத் துடைத்துச் செருகினார், அழுக்குதான் காரணம் என்பதுபோல. கடைசியில் கையிலிருந்த யூரோ நோட்டுகளையும், பற்றாத மீதித் தொகைக்கு ஈடாக ஒரு ஜோடி நீச்சல் துடுப்புகளையும் வைத்துவிட்டு அவர்கள் போனார்கள். அதே காலையில் மின்வெட்டு, மின்விசிறி நின்றது.

டாலர் இல்லாததால் பெட்ரோல் இல்லை. பெட்ரோல் இல்லாத ஊருக்குப் பயணி வரமாட்டார். அவர் வராவிட்டால் டாலரும் வராது. அந்த அம்மாளுக்கு இதில் எந்த முடிச்சை யார் போட்டார்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஜூனில் இன்னொன்று நடந்தது. விமானங்களைக் குத்தகைக்கு விடும் ஐரிஷ் நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில் ரஷ்யாவின் ஏரோஃபுளோட் நிறுவன விமானம் ஒன்றைப் புறப்படவிடாமல் கொழும்பு நீதிமன்றம் தடுத்தது. சில நாட்களில் தடை நீங்கியது. ஆனாலும் அந்த விமானச் சேவை சில மாதங்களுக்கு நின்றுபோனது. வழக்கு ரஷ்யா மீதான ஐரோப்பியத் தடைகளின் வாரிசு, உத்தரவு கொழும்பினுடையது, காலியானது மிரிஸ்ஸ அறைகள். இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள், கே.?