பெர்மிட் காணியும் ஆவணி மாதக் கிணறும்

கேள்வி: எனக்கு 51 வயது, மனைவிக்கு 47. கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் 24 வருடம் வேலை செய்கிறேன். அடிப்படைச் சம்பளம் 160,000 ரூபா. இருப்பது வாடகை வீடு. மகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். கையில் 90 இலட்சம் சேமிப்பு உண்டு. இந்த வருடத்தோடு வேலையை விட்டுவிட்டு வன்னிக்குப் போக நினைக்கிறோம். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் பக்கம் 2 ஏக்கர் மேட்டுக்காணி கிணற்றோடு வந்திருக்கிறது. பெர்மிட் காணி, அற்றோணி எழுதித் தருகிறேன் என்கிறார் காணிக்காரர். காணிக்கும் சின்ன வீட்டுக்குமாக 45 இலட்சம் முடியும். தென்னை வைத்து, மிச்சக் காசின் வட்டியில் சீவிக்கலாமா? மனைவிக்குச் சர்க்கரை வருத்தம் இருப்பதுதான் யோசனை.
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: வன்னிக்குப் போங்கள். ஆனால் இந்தக் காணியை வாங்காதீர்கள். முதல் வருடம் வேறெந்தக் காணியையும் வாங்க வேண்டாம். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆடியில் போய் இறங்கித் தை வரை இருங்கள். கடும் கோடை, முழு மாரி இரண்டையும் கண்ட பிறகு காணி பார்க்கலாம்.

பெர்மிட் என்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், குடியிருக்கவும் பயிர் செய்யவும் அரசு ஒருவருக்குக் கொடுத்த அனுமதி. காணி அரசினுடையது, பெர்மிட்காரர் அதை உங்களுக்கு விற்க முடியாது. பெர்மிட்டுக்கு அடுத்த படியாக அரசு தரும் அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியைக்கூடப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. அற்றோணியை, அதாவது அதிகாரப் பத்திரத்தை, நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அவருக்காக நீங்கள் கையெழுத்து வைக்கலாம் என்பதற்கு மேல் அந்தக் காகிதத்தில் ஒன்றுமில்லை. அவரிடம் இல்லாத உரிமை அதன் வழியாக உங்களுக்கு வராது. அவர் கண்ணை மூடினால் அற்றோணியும் அன்றோடு முடிந்துவிடும். பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பிறகு காணிக்கு உரியவராகப் பதிந்திருக்கும் பிள்ளை வந்து கேட்கும்போது, நீங்கள் கட்டிய வீடு அந்தப் பிள்ளையின் காணியில் நிற்கும். விலை மலிவாக இருப்பதற்கு இதுதான் காரணம். முற்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

உறுதிக் காணியாக, அதாவது உறுதி எழுதி விற்கக்கூடிய தனியார் காணியாகத் தேடுங்கள். கிடைத்தால், காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேடுவித்து, ஈடோ (அடமானமோ) வழக்கோ ஏதும் உண்டா என்று உங்கள் நொத்தாரிசைக் கொண்டு பார்ப்பியுங்கள். விற்பவரின் நொத்தாரிசே உங்களுக்கும் எழுதட்டும் என்று விடாதீர்கள். விற்பவர் தேசவழமைக்கு (வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட திருமணமான பெண்ணென்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் காணாமல் போனவராகவோ வெளிநாட்டில் தொடர்பில்லாமலோ இருக்கும் குடும்பங்கள் வன்னியில் பல. இதை முதல் நாளே கேளுங்கள். பங்குக் காணியென்றால் மற்றப் பங்காளர்களுக்கு முன்னுரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுத்த பிறகுதான் எழுத வேண்டும். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூட்டிப்போய் நாலு மூலைக் கல்லையும் கண்ணால் பாருங்கள். காட்டோரக் காணிகளில் வன இலாகாவின் எல்லைக் கல் உள்ளே விழுந்திருப்பதும் உண்டு. விதானையாரிடமும் (கிராம அலுவலரிடமும்) பிரதேச செயலகத்திலும், அந்த இடம் கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்று கேளுங்கள். போர்க்காலத்தில் கைவிட்ட கிணறு இருந்தால், துப்புரவாக்கியது யார், எப்போது என்பதையும் கேளுங்கள். விடை தெரியாமல் அதைக் கிண்ட வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். மாரி முடிந்த கையோடு, தை மாசியில் காட்டும் கிணற்றை நம்பக்கூடாது. அப்போது எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். ஆவணி, புரட்டாதியில் போங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். மோட்டர் வைத்து இரண்டு மணித்தியாலம் இறைத்துவிட்டு மறுபடி அளந்து, பழைய முடிச்சுக்குத் தண்ணீர் வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 15 அடி விட்டமுள்ள கிணற்றில் ஒரு அடி உயரத் தண்ணீர் ஏறத்தாழ 5,000 லீற்றர். 26 அடிக்கு 26 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 64 தென்னை. 2 ஏக்கருக்கு 128. கோடையில் கன்றுக்கு 40 லீற்றர் வீதம் ஊற்றினால் ஒரு முறைக்கு 5,120 லீற்றர் போகும். ஆவணியில் ஒரு இரவுக்குள் ஒரு அடியாவது ஊறாத கிணறு அவ்வளவு கன்றையும் வீட்டையும் சேர்த்துத் தாங்காது.

குடிக்கும் தண்ணீரைத் தனியாகப் பார்க்க வேண்டும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் கடினத்தன்மை அதிகம். அயலில் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடும் திட்டும் தெரிந்தால் புளோரைட்டை நினையுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது. ஆவியாகும் அளவுக்கு அது செறிவதுதான் நடக்கும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் மாதிரி கொடுத்துப் புளோரைட், கடினத்தன்மை, இரும்பு, நைத்திரேற்று, கிருமி ஐந்தையும் பார்ப்பியுங்கள். உலக சுகாதார நிறுவனம் புளோரைட்டுக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயாளிகள் இருப்பதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே சுமை உண்டு. ஆகவே இந்தச் சோதனையை உங்கள் மனைவிக்காகக் கட்டாயம் செய்யுங்கள். வாடகை வீட்டுக் கிணற்றுக்கும் செய்யுங்கள்.

மாரியில் பார்க்க வேண்டியது பாதை. கிரவல் ஒழுங்கையில் மதகு எங்கே இருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். 2018 மார்கழி வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அயலவரைக் கேட்டால் சுவரிலோ மரத்திலோ கைவைத்துக் காட்டுவார்கள். அத்திவாரம் அந்த அளவுக்கு மேலே இருக்க வேண்டும்.

தென்னையில் வருமானம் பார்ப்பது உங்கள் திட்டத்திலேயே பலவீனமான இடம். ஐப்பசி மழையோடு 3 அடி நீள அகல ஆழக் குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டை அடுக்கி நட்டாலும், உயரத் தென்னை காய்க்க 6, 7 வருடம் செல்லும். அதற்குள் ஒரே ஒரு யானை ஒரு இரவில் குருத்தைப் பிளந்து தின்றுவிட்டுப் போய்விடும். யானை நடமாடும் இடத்தில், பற்றரியில் ஓடும் முறையான மின்வேலி வேண்டும். கம்பியில் புல் தொட்டால் மின் கசிந்து வேலி செத்துவிடும், ஆகவே கிழமைக்கு ஒருமுறையாவது அடியைச் செருக்க வேண்டும். வீட்டுக் கரண்டைக் கம்பியில் கொழுவுவது சட்டவிரோதம். மனித உயிரும் போகும். நெல் மூட்டையை வீட்டுக்குள் அடுக்காதீர்கள், அந்த மணத்துக்குத்தான் யானை சுவரை இடிக்கிறது. குரங்கு குரும்பட்டியைப் பிடுங்கி எறிவதற்கு எந்த வேலியும் முழு மருந்தில்லை.

இனிக் காசு. 24 வருடச் சேவைக்குப் பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்: 80,000 பெருக்கல் 24, அதாவது 1,920,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதி ஆண்களுக்கு 55 வயதில்தான் கைக்கு வரும். ஆகவே வேலையை விட்டபின் 4 வருடம் உங்கள் சேமிப்பையும் பணிக்கொடையையும் கொண்டே ஓட வேண்டும். 10 வருடம் பங்களித்தவர்கள் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்க வழி உண்டு. அதை வேலையில் இருக்கும்போதே தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள். அற்றோணிக் காகிதத்தைக் காட்டி அந்தக் காசை எடுக்கலாம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

90 இலட்சத்தையும் நிலையான வைப்பில் போட்டு 8 வீதம் கிடைத்தால் மாதம் 60,000 வரும். காணிக்கும் வீட்டுக்கும் 45 இலட்சத்தை எடுத்தால் அது 30,000. வாடகைக்குப் போங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வரி இலக்கத்தோடு வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். வட்டி முழுவதையும் தின்னாதீர்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. சீனியும் சவர்க்காரமும் வன்னியிலும் கொழும்பு விலைதான். அங்கே குறைவது வாடகை, மரக்கறி, பால், மீன். கூடுவது போக்குவரத்து. ஆகவே வட்டியில் நாலில் ஒன்றையாவது மூலதனத்தோடு சேருங்கள். அப்படியென்றால் 60,000 இல் கைச்செலவுக்கு 45,000. அதில் வாடகையும் போய் இருவர் சீவிப்பது இறுக்கம். 55 வரை கணக்குவழக்கு எழுதுவதுபோல ஏதாவது பகுதிநேர வேலை மாதம் கொஞ்சம் கொண்டுவந்தால் மூலதனத்தில் கைவைக்க வேண்டியிராது.

மனைவியின் விடயம். மாங்குளத்தில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. மாவட்டப் பொது வைத்தியசாலைகள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும். மாங்குளத்திலிருந்து முதலாவது ஏறத்தாழ 45 கிலோமீற்றர், மற்றது 35. அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலவசம். ஆனால் காட்டோர ஒழுங்கைக்கு அது வந்துசேரும் நேரத்தையும் நினையுங்கள். வீடு பார்க்கும்போது கண்டி வீதியிலிருந்து (ஏ9) 2 கிலோமீற்றருக்குள் பாருங்கள். கொழும்பை விடுவதற்கு முன் இப்போதைய கிளினிக்கில் மாற்றுக் கடிதம் எழுதுவித்து, கிளினிக் புத்தகத்தோடும் கடைசி இரத்தப் பரிசோதனைகளோடும் இரண்டு மாத மருந்தையும் கையில் எடுங்கள். கண்ணையும் சிறுநீரகத்தையும் கொழும்பிலேயே ஒருமுறை பார்த்துவிட்டால், புதிய கிளினிக்கில் ஒப்பிட ஒரு அளவு இருக்கும். இன்சுலின் போடுபவரென்றால் கரண்ட் போகும் நாளுக்கு ஐஸ் பெட்டியொன்று வாங்கி வையுங்கள். குப்பி ஐஸில் நேரே படாமல் துணியில் சுற்றி வைக்க வேண்டும், உறைந்த இன்சுலினைப் போடக்கூடாது.