பத்து வீட்டு லயம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்து வாழ்க்கையைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நானும் கேரளத்துப் பீருமேட்டுப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள்தான். அம்மாவும் அப்பாவும் கொழுந்து பறிக்கிற வேலை. மூன்று வருஷத்துக்கு முன் அம்மா ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டுக் கம்பத்தில் வாடகைக்கு வந்துவிட்டார்கள். நான் கொச்சி காக்கநாட்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறேன்.

நான் கேட்க வந்தது வேறு. ராத்திரி ரூமுக்கு வந்தால் ஸ்டார்டியூ வேலி என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை, பண்ணை வைத்து நடத்துகிற விளையாட்டை, விளையாடுகிறேன். நானூறு மணி நேரம் தாண்டிவிட்டது. அதில் யாரையும் துரத்திப் பிடிக்க வேண்டாம், யாரையும் ஜெயிக்க வேண்டாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். ஊருக்குள் போய் நாலு பேரிடம் பேசுவேன். யாருக்காவது பிறந்தநாள் என்றால் அவருக்குப் பிடித்ததைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். போன மாதம் அண்ணன் வந்திருந்தான். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பொம்மைக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டு இருக்கே. பக்கத்து ஃபிளாட்டுல யாரு இருக்கான்னு தெரியுமா உனக்கு?" என்றான். தெரியாதுதான். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. நான் ஓடி ஒளிகிறேனா அக்கா? அப்படி என்னதான் இருக்கிறது இதில், ஏன் விட முடியவில்லை?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

இந்த விளையாட்டுகள் எனக்குத் தெரியும் என்று நினைத்து எழுதினீர்களா, சும்மா கேட்டுப் பார்த்தீர்களா தெரியவில்லை. தெரியும். 2020-இல் குமுளி செக்போஸ்ட் அடைத்துக் கிடந்த மாதங்களில் என் அக்காள் மகள் ஊருக்குப் போக முடியாமல் என்னோடு இருந்தாள். அவளுடைய லேப்டாப்பில்தான் பழகினேன். அவள் தூங்கிய பிறகும் உட்கார்ந்து விளையாடியிருக்கிறேன். அதனால் வெளியே நின்று பேசுகிறவளாக என்னை நினைக்க வேண்டாம்.

ஓடி ஒளிவது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விளையாட்டுகளைச் செய்தவர்கள் யார், எதனால் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் பாருங்கள்.

வில் ரைட் என்ற அமெரிக்கரின் வீடு 1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் மலைச்சரிவில் பரவிய தீயில் எரிந்து போனது. உயிர்தான் மிஞ்சியது. பிறகு ஒவ்வொரு சாமானாகத் திரும்ப வாங்க வேண்டி வந்தபோது, ஒரு ஆள் குடியிருக்க உண்மையில் என்னென்ன வேண்டும், எது இல்லாமல் ஒரு நாளும் தள்ள முடியாது என்ற யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. தி சிம்ஸ் விளையாட்டுக்கு அது ஒரு வித்து. முதலில் அதை வீடு கட்டும் விளையாட்டாகத்தான் நினைத்திருந்தார். கட்டிய வீடு எப்படி என்று சோதித்துச் சொல்ல உள்ளே குட்டி மனிதர்களை விட்டார். கடைசியில் வீட்டைவிட அந்த மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ருசித்தது. அவர்களுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், கக்கூஸ் முட்டும், பேச ஆள் வேண்டும். இப்படி எட்டுத் தேவைகள். ஒன்றைத் தீர்ப்பதற்குள் இன்னொன்று இறங்கிவிடும். அலுவலகத்தில் அதைப் பொம்மை வீடு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொம்மை வீட்டைப் பையன்கள் தொடுவார்களா என்று மேலே இருந்தவர்கள் தயங்கினார்கள். 2000 பிப்ரவரியில் வெளிவந்து இரண்டே வருஷத்தில், அதுவரை வந்த கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் மிக அதிகமாக விற்றது அதுதான் என்றானது.

ஜப்பானில் கட்சுயா எகுச்சி. சிபாவிலிருந்து வேலைக்காகக் கியோட்டோவுக்குப் போனவர். வீட்டு ஆட்களையும் கூட்டாளிகளையும் விட்டுப் போன பிறகுதான் அவர்கள் பக்கத்தில் இருந்ததன் அருமை தெரிந்தது என்று பின்னாளில் சொன்னார். அவர் செய்ததுதான் 2001-இல் வந்த அனிமல் கிராஸிங். அதற்குள் ஓடுவது நம் வீட்டுக் கடிகார நேரம். இங்கே இருட்டினால் அங்கேயும் இருட்டும், கடை சாத்திவிடுவார்கள். ரொம்ப நாள் போகாமல் இருந்துவிட்டுப் போனால் களை மண்டியிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் எங்கே ஆளையே காணோம் என்று கேட்பார். நாம் இல்லாததை அந்த ஊர் கவனித்திருக்கும். எனக்கு முதலில் பிடித்துப்போனது அந்த ஒரு கேள்விதான். யாசுஹிரோ வாடா கியூஷுவின் மியாசாகியில் வளர்ந்து டோக்கியோவுக்கு வந்தவர். விட்டு வந்த நாட்டுப்புறத்தை நினைத்து 1996-இல் ஹார்வெஸ்ட் மூன் என்ற பண்ணை விளையாட்டைச் செய்தார்.

உங்கள் ஸ்டார்டியூவின் எரிக் பரோனை நான் இவர்களோடு சேர்க்க மாட்டேன். அவர் தேடிப் போனது சின்ன வயதில் விளையாடிய ஹார்வெஸ்ட் மூனைத்தான். நாலு வருஷத்துக்கு மேல் தன்னந்தனியாக, படமும் பாட்டும் பேச்சும் எல்லாம் தன் கையால் செய்து, இடையில் ஒரு தியேட்டரில் சீட்டுக் காட்டும் வேலையும் பார்த்து, 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். நான்கு கோடிப் பிரதிக்கு மேல் போய்விட்டது. மற்ற மூவரும் வீட்டையோ ஊரையோ இழந்தவர்கள், இல்லை விட்டு வந்தவர்கள். ஒளிய இடம் தேடியவர்கள் செய்த காரியமாக எனக்கு இது படவில்லை. குடியிருக்க இடம் தேடியவர்கள் செய்தது. லயத்தில் பிறந்த உங்களையும் என்னையும் அது இழுப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஸ்டார்டியூவின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். படுக்கையில் கிடக்கும் தாத்தா முத்திரை வைத்த ஓர் உறையைக் கொடுக்கிறார். இப்போது திறக்காதே, வாழ்க்கை உன்னை நசுக்கும் நாளில் திற என்கிறார். திறந்தால் ஒரு பண்ணை நம் பேருக்கு எழுதியிருக்கிறது. அக்காள் மகள் அதைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நம் தாத்தாக்கள் எதை எழுதி வைத்திருக்க முடியும்? ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வந்து மலையேறியவர்கள் காட்டைத் தோட்டமாக்கினார்கள். 1956 நவம்பர் 1-இல் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. பேச்சு தமிழ், ரேஷன் கார்டு மலையாளம் என்று ஆனது. எந்தப் பக்கம் போனாலும் காலடி மண் நம் பேரில் இல்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. வீடு நிற்க வேண்டுமென்றால் பிள்ளைகளில் ஒருத்தர் தோட்டத்தில் பேர் பதிய வேண்டும். எங்கள் வீட்டில் அக்காள் பதிந்தாள். பத்தாவதோடு புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டுப் படங்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். அவள் போனதால்தான் வீடு நின்றது, வீடு நின்றதால்தான் நான் படித்தேன். நம் பக்கத்துத் தாத்தாக்கள் உறையில் வைத்துக் கொடுத்தது இதைத்தான். 2000-ஐ ஒட்டிப் பீருமேட்டுத் தோட்டங்கள் பல மூடிக் கிடந்தபோது வேலையும் போனது, ஒழுகுகிற கூரைக்கடியில் ஜனங்கள் அப்படியே கிடந்தார்கள்.

அந்த நினைப்போடு விளையாடினால் ஒவ்வொன்றும் வேறாகத் தெரிகிறது. அனிமல் கிராஸிங்கில் வீட்டுக்கடன் கொடுக்கும் டாம் நூக் வட்டி கேட்பதில்லை, தவணைத் தேதி சொல்வதில்லை. பழம் பறித்து, மீன் பிடித்து, முடிந்தபோது கட்டலாம். ஸ்டார்டியூவில் இருபத்தெட்டு நாள் கொண்ட நான்கு பருவங்கள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை வருஷம் ஆனாலும் வீட்டுச் சாவியைக் கேட்டு யாரும் வர மாட்டார்கள்.

இதைவிட ஆழமாக ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்டார்டியூவில் நீங்கள் ஒருவரிடம் பேசினால் உள்ளே இருபது புள்ளி ஏறுகிறது. இருநூற்றைம்பது சேர்ந்தால் ஒரு இதயம். பிறந்தநாளுக்குக் கொடுக்கிற பரிசுக்கு மற்ற நாள் பரிசைப்போல் எட்டு மடங்கு. கண்டுகொள்ளாமல் விட்டால் நாளுக்குக் கொஞ்சமாகக் கரையும். அன்பைப் புள்ளி போட்டு எண்ணுவதா என்று முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தராசுக்கு முன்னால் நின்றவர்கள் இல்லை. தோட்டத்தில் எடை போட்டது கொழுந்தை மட்டும்தான். கிலோவுக்குக் கிலோ குறித்தார்கள். என் அம்மா எதிர் லயத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அட்டைக்கடி புண்ணாகிப் படுத்தவளுக்கு மூன்று மாதம் தண்ணீர் தூக்கிக் கொடுத்தாள். செத்தவர்களைக் குளிப்பாட்டினாள். வேலைக்கு வந்தவர்களைக் குறிக்கிற எந்த மஸ்டர் புத்தகத்திலும் அது ஏறவில்லை. நீங்கள் ஒரு கூடாரத்தில் கிடக்கும் லைனஸிடம் போய் நின்று நாலு வார்த்தை பேசுகிறீர்கள். அது எங்கோ பதிகிறது, அவர் முகம் மாறுகிறது. உங்கள் அம்மா நாற்பது வருஷம் செய்த வேலைக்குக் கணக்கு வைக்கிற ஒரு ஊரை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நானூறு மணி நேரம் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

அண்ணன் பொம்மை என்றதற்கும் சொல்ல வேண்டும். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றில் என்று ஒன்று உண்டு. பெண்பிள்ளைகள் மணலில் வீடு கட்டி, அடுப்பு வைத்து, சோறு பொங்கி விளையாடுவார்கள். சின்னப் பையன் வந்து காலால் எத்திவிடுவான். நாங்கள் கட்டிய சிற்றிலைச் சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதுதான் அந்தப் பருவம் முழுக்க. நூற்றாண்டுக் கணக்கில் எத்தனையோ புலவர்கள் உட்கார்ந்து பாடியிருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளில் எனக்குப் பிடித்த விஷயம், விளையாட்டு வீடுதானே என்று அந்தப் பெண்கள் ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை. கை நோக, இடுப்பு நோகக் கட்டினோம் என்கிறார்கள். உழைப்பு உழைப்புதான். உங்கள் அண்ணனும் அதே லயத்தில் வளர்ந்தவர். அவரைப் பின்னால் நிற்க வைக்காமல் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஸ்டார்டியூவில் உங்களோடு இன்னொரு ஆளும் சேர்ந்து விளையாடலாம். அவருக்கென்று ஒரு குடிசை கட்டிக் கொடுக்க முடியும்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி பொய்யில்லை. விளையாட்டில் அக்கம்பக்கம் நம்மிடம் எதையும் பிடுங்குவதில்லை. நாம்தான் போய்ப் பேச வேண்டும். வேண்டாமென்றால் மூடிவைத்துவிட்டுத் தூங்கலாம். நான் வளர்ந்த லயத்தில் சுவர் ஒன்று, வீடு இரண்டு. தம்பி பிறந்த ராத்திரி நல்ல மழை. அப்பா தொழிற்சாலையில் ராத்திரி வேலை. அம்மா சுவரில் மூன்று முறை தட்டினாள். அடுத்த வீட்டுப் பெரியம்மாவோடு எங்களுக்கு அப்போது பேச்சுவார்த்தையே கிடையாது. குழாய்த் தண்ணீருக்குப் போட்ட சண்டை ஓய்ந்து நாலு நாள்கூட ஆகியிருக்கவில்லை. அரிக்கேன் விளக்கோடு அவள்தான் முதலில் வந்தாள். என் கையில் விளக்கைக் கொடுத்துவிட்டுத் தம்பியை ஏந்தினாள். மறுநாள் மறுபடி பேசவில்லை. அந்த மாதிரி ஒரு ஆளை இதுவரை எந்த விளையாட்டிலும் நான் சந்திக்கவில்லை. பிறந்தநாள் பரிசு கொடுத்துப் பிடித்துவிடக்கூடிய பெண்மணி இல்லை அவள்.

காக்கநாட்டு ஃபிளாட்டில் பக்கத்துக் கதவைத் தட்டக் கூச்சமாக இருப்பது இயல்பு. லயத்தில் நாம் கதவு தட்டிப் பழகவில்லை, கதவு திறந்தே கிடந்தது. அடுத்த தடவை கம்பத்திலிருந்து வரும்போது அம்மா கட்டிக் கொடுக்கும் பன்னீர் திராட்சையில் இரண்டு குலை கூடுதலாக வாங்கி வாருங்கள். யாருக்கு என்ன பிடிக்கும் என்று தேடிப் போய்க் கொடுத்து நானூறு மணி நேரம் பழகிய கை உங்களுடையது.

ஒன்று எழுதிவிட்டு முடிக்கிறேன். சிம்ஸின் நான்காம் பாகத்துக்கு 2023 டிசம்பரில் ஒரு சேர்க்கை வந்தது. ஒரே மனையில் பல குடித்தனங்களை வாடகைக்கு வைக்கலாம், அடுத்த வீட்டுக் கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்கலாம். போன ஓணம் லீவில் அக்காள் மகள் வந்தபோது, நம் லயத்தைக் கட்டலாம் சித்தி என்றாள். அவள் மூன்று வயதில் அங்கிருந்து வந்தவள். நான் சொல்லச் சொல்ல ஒரு நீளச் சுவரை இழுத்தாள், தகரக்கூரை போட்டாள், வாசலில் ஒரே திண்ணை. குடித்தனம் வைக்கப் போனால் ஆறுக்கு மேல் விடவில்லை. எங்கள் லயத்தில் பத்து வீடு.

எந்த நாலை விடுவது என்று இரண்டு பேரும் வெகுநேரம் பேசினோம். காலி செய்துகொண்டு போனவர்களை விடலாம் என்றாள். போகாதவர்கள் யார்? சண்டைக்காரப் பெரியம்மாவை விட எனக்கு மனசில்லை. ஐந்தாம் வீட்டில் யார் இருந்தார்கள் என்பதில் எனக்கே குழப்பம் வந்தது. அம்மா உள்ளே படுத்திருந்தாள். கண் மங்கிவிட்டது, ஆனால் காது நன்றாகக் கேட்கும். அங்கிருந்தே முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்துப் பத்தாம் வீடு வரை ஆள் பேர், பிள்ளைகள் பேர், யார் எந்த ஊரிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தட்டாமல் சொன்னாள். அக்காள் மகள் எழுதிக்கொண்டாள். பக்கத்திலேயே இன்னொரு மனை எடுத்து, மிச்ச நாலு வீட்டையும் அதில் கட்டத் தொடங்கினாள்.

அம்மா மெல்ல எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அது வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்திருக்கும்.

"குழாயை எந்தப் பக்கம் வச்சீங்க?" என்று கேட்டாள்.