20 வயதில் கெரட்டோகோனஸ்: கண் ஒபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா?

ஹட்டன் பக்கத் தோட்டம், வயது 20, வலது கண்ணில் கெரட்டோகோனஸ் (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலமான கோர்னியா மெலிந்து கூம்பாகத் தள்ளும் நோய்), ஒபரேஷன் செய்யச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஒபரேஷன் என்று எழுதவில்லையே தம்பி, முடிவு அதில்தான் இருக்கிறது. இந்த நோய்க்குப் பெரும்பாலும் சொல்லப்படுவது இரண்டு. ஒன்றைத் தள்ளிப்போட்டால் நஷ்டம். மற்றதை அநேகமாகத் தள்ளிப்போடலாம்.

முதலாவது குரொஸ்லிங்கிங். கோர்னியா மெலிந்து கூம்பாகத் தள்ளுவதை, இருக்கிற இடத்திலேயே நிறுத்துவதற்கானது. கோர்னியாவின் மேற்தோலைச் சுரண்டி, விட்டமின் பி2 சொட்டை அரை மணி நேரம் விட்டு, பிறகு புறஊதாக் கதிரை அரை மணி நேரம் பாய்ச்சுவார்கள். கதிரைக் கூட்டி நேரத்தைக் குறைக்கும் முறையும் உண்டு. இரண்டு மூன்று நாள் நன்றாக வலிக்கும். முதல் ஓரிரு மாதம் பார்வை முன்பைவிட மங்கலாம், அது வழமைதான். தொற்று, தழும்பு வருவது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இனிக் கண்ணாடியே தேவைப்படாது என்று நம்பிப் போகாதீர்கள்.

சாதாரண கோர்னியாவின் தடிப்பு 540 மைக்ரோன் அளவு. தோலைச் சுரண்டிய பின் 400க்குக் குறைந்தால் கதிர் உள்பக்கக் கலங்களைத் தாக்கும் என்பதால் வழக்கமான முறையில் செய்யமாட்டார்கள். காத்திருந்தால் இந்த வாய்ப்பே போய்விடலாம். ஆகவே டொபோகிராபி (கோர்னியாவின் வளைவை அளக்கும் படம்) அறிக்கைகளைப் பத்திரமாக வையுங்கள். முடிந்தவரை ஒரே மெஷினில் எடுப்பது நல்லது. ஒரு வருடத்துக்குள் கூம்பின் வளைவு 1 டயொப்டரோ அதற்கு மேலோ கூடியிருந்தால் குரொஸ்லிங்கிங் செய்ய நான் தயங்கமாட்டேன். இடது கண்ணையும் கேளுங்கள்: இந்த நோய் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும், அவசரம் நல்ல கண்ணுக்காகவும் இருக்கலாம்.

இரண்டாவது கோர்னியா மாற்று, அதாவது தானமாகக் கிடைத்த கோர்னியாவைத் தைத்து வைப்பது. இங்கே உங்கள் பயம் நியாயமானது. தையல் ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கக்கூடும். ஸ்டீரொய்ட் சொட்டு மாதக்கணக்கில் போகும், அதனால் கண் அழுத்தம் ஏறலாம். உடல் அதை நிராகரிப்பது வருடங்கள் கழித்தும் நடக்கும். 20 வயதில் வைத்தது ஆயுளுக்கும் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. விறகு தெறித்தோ கிரிக்கெட் பந்து பட்டோ பழைய வெட்டு பிளக்கவும் கூடும். நடுவில் தழும்பு இல்லை, ஹார்ட் லென்ஸோ, கண் வெள்ளையில் உட்காரும் பெரிய ஸ்கிலெரல் லென்ஸோ கண்ணில் நிற்கிறது என்றால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். லென்ஸைப் பீலித் தண்ணீரிலோ குழாய்த் தண்ணீரிலோ கழுவவே கூடாது, அகந்தமீபா என்ற கிருமி கோர்னியாவையே அழித்துவிடும்.

மாற்றுத்தான் வழி என்றால், உட்படலத்தை விட்டுவிட்டு முன்பகுதியை மட்டும் மாற்றும் 'டால்க்' முடியுமா என்று கேளுங்கள். உட்படலம் உங்களுடையதாகவே இருப்பதால் மோசமான வகை நிராகரிப்பு வராது. கோர்னியா கிடைக்காமல் போய்விடுமோ என்ற அவசரமும் வேண்டாம். 1961இல் தொடங்கிய இலங்கைக் கண் தான சங்கம் வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது.

திகதி எடுக்குமுன் போக்குவரத்தைத் தீர்மானியுங்கள். மாற்றுக்குப் பிறகு சிவப்பு, வெளிச்சக் கூச்சம், மங்கல், வலி இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கண்டிக் கண் பிரிவுக்குப் போகவேண்டும், தோட்ட டிஸ்பென்சரிச் சொட்டு போதாது. கூட வர ஆளும் வான் காசும் இல்லாவிட்டால் அதைக் கிளினிக்கில் வெளிப்படையாகச் சொல்லுங்கள், வைத்தியர் அதையும் கணக்கில் எடுப்பார்.

எதைச் செய்தாலும் கண்ணைக் கசக்குவதை இன்றோடு விடுங்கள். அரித்தால் அலர்ஜிச் சொட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். பாமசியில் நீங்களாக ஸ்டீரொய்ட் வாங்கி விடாதீர்கள்.