வி2 சிப் மாட்டியதும் திரை இருண்டால்

வணக்கம். எச்பி இசட்420 மேசைக் கணினியில் இருந்த ஸியான் இ5-1620 பிராசசர் சிப்பைக் கழற்றிவிட்டு, அடுத்த தலைமுறையான இ5-1650 வி2 மாட்டினால் திரையில் ஒன்றுமே வரவில்லை, பழையதைத் திரும்பப் போட்டால் ஓடுகிறது, பயாஸும் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) கடைசிப் பதிப்புதான் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கிய சிப் பழுது என்று அதற்குள் முடிவுகட்ட வேண்டாம்.

பழைய சிப்போடு இயக்கி, பயாஸுக்குள் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பூட் பிளாக் (கணினி இயங்கும்போது முதலில் ஓடும் பகுதி) தேதியைப் பாருங்கள். பயாஸ் தேதி வேறு, இது வேறு. 2011 என்றிருந்தால் அந்த மதர்போர்டு வி2 சிப்பை ஏற்காது; 2013 என்றால் ஏற்கும். பழைய சிப், வி2 சிப் இரண்டுக்குமே சாக்கெட் எல்ஜிஏ 2011 (இது ஆண்டு அல்ல, சாக்கெட்டின் பெயர்) என்பதால் சிப் அழகாகப் போய் உட்கார்ந்துவிடும், ஏமாற்றுவதே அதுதான். பயாஸைப் புதுப்பித்தாலும் பூட் பிளாக் அப்படியேதான் இருக்கும். இது தெரியாமல் நானும் ஒரு மாலை முழுக்க ராமைக் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறேன்.

பூட் பிளாக் தேதி 2011 என்றால் வி2-வைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முதல் தலைமுறை இ5-2670 பாருங்கள். 8 கோர், 115 வாட். ஆனால் அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ்தான், உங்களுடையது 3.6. வீடியோ ரெண்டரிங், மெய்நிகர் கணினி போன்ற வேலைக்கு லாபம். விளையாட்டுக்கு மட்டும் என்றால் நான் மாற்ற மாட்டேன்.

2013 என்று இருந்தால், சரி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு சாக்கெட்டில் ஏதாவது பின் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரல் படக்கூடாது. அப்புறம் சிமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் நினைவகம்) அழித்து, ஒரே ஒரு ராமோடு முயன்று பார்த்துச் சொல்லுங்கள்.