பாடசாலைக் கூட்டத்தில் கதைத்த மாணவப் பிரதிநிதியைப் பெயர் போட்டு விமர்சிக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம். தரம் 11 இல் படிக்கும் என் மகள் மாணவர் பாராளுமன்றத்தின் சார்பில் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போனாள். நுழைவாயில் வளைவுக்குச் சேர்த்த காசில் ஒரு பகுதியைப் பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு ஒதுக்கும்படி கேட்டாள். அடுத்த நாளே பழைய மாணவர்களின் முகநூல் குழுவில் அவளுடைய பெயரையும் படத்தையும் போட்டு ஏசத் தொடங்கிவிட்டார்கள். கேட்டால், பதவிக்கு வந்தால் விமர்சனத்தைத் தாங்கத்தான் வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்:

முதல் இரண்டு நாளுக்கு உங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் அந்தப் பதிவுக்குப் பதில் எழுதாதீர்கள். நீங்களும் வேண்டாம், மகளும் வேண்டாம், அவளின் சிநேகிதிகளும் வேண்டாம். முகநூல் குழுவில் புதுக் கொமென்ற் ஒன்று விழ, பழைய பதிவு திரும்ப மேலே வரும். 'பாவம் சின்னப் பிள்ளை, விடுங்கோ' என்று எழுதுகிறவரும் அந்தப் படத்தை இன்னும் கொஞ்சப் பேருக்குக் காட்டித்தான் விடுகிறார். அதைவிட மோசம், ஆத்திரத்தில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து 'என்ன எழுதியிருக்கிறாங்கள் பாருங்கோ' என்று குடும்ப வைபர் குழுவில் போடுவது. அங்கிருந்து அது ரொறன்ரோவுக்குப் போய், லண்டனுக்குப் போய், உங்கள் பாடசாலையின் பெயரே தெரியாதவர்களிடமும் சேரும். பிறகு முதற் பதிவை அழித்தாலும் படம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அந்த இரண்டு நாளில் ஆதாரத்தை எடுத்து வையுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் செய்தால் போதும். அது மகளாக இருக்கக் கூடாது. எழுதியவரின் பெயருக்குக் கீழே தெரிகிற நேரத்தைத் தொட்டால் அந்தப் பதிவு தனியாகத் திறக்கும். அதன் லிங்கைப் பிரதி எடுத்து வையுங்கள். லிங்க் இல்லாத வெறும் படத்தை வைத்துக்கொண்டு முறைப்பாடு எடுக்கிற உத்தியோகத்தரால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் ஒரே பெயரில் எத்தனையோ கணக்கு இருக்கும். ஸ்கிரீன்ஷொட்டில் எழுதியவரின் பெயர், குழுவின் பெயர், திகதி மூன்றும் தெரிய வேண்டும். ஏச்சை மட்டும் வெட்டி எடுக்காமல் மேலும் கீழும் உள்ளதையும் சேர்த்து முழுத் தொடராக எடுங்கள். வெட்டின படத்தைக் காட்டினால் 'அதுக்கு முன்னுக்கு என்ன எழுதினது?' என்ற ஒரு கேள்வியோடு தட்டிவிடுவார்கள். வாட்ஸ்அப் குழு என்றால் இன்னும் கெதியாகச் செய்யுங்கள். 24 மணித்தியாலம், 7 நாள், 90 நாள் என்று தானாக அழியும்படி சில குழுக்களில் போட்டு வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் திகதி, நேரம், கணக்கு, லிங்க், ஒரு வரியில் விடயம் என்று எழுதி வைத்தால் பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் தேட வேண்டி வராது.

இனி எடுத்ததை மூன்றாகப் பிரியுங்கள். இதில்தான் அநேக பெற்றோர் பிழை விடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி 'என் பிள்ளையை அவமானப்படுத்திவிட்டார்கள்' என்று போய் நிற்கிறார்கள். அதில் நியாயமான விமர்சனமும் கலந்திருப்பதால் முழுக் கட்டும் பெறுமதி இழந்து போகிறது.

முதலாவது, கோரிக்கையைப் பற்றிய விமர்சனம். 'வளைவுக்கு என்று கேட்டு வாங்கிய காசை வேறு வேலைக்கு எடுக்க ஏலாது', 'காசு தந்தவர்களைக் கேட்டீர்களா' என்பவை. இவற்றைத் தொடாதீர்கள். உண்மையில் இதில் நியாயம் உண்டு. ஒரு நோக்கத்தைச் சொல்லிச் சேர்த்த நன்கொடையை வேறு நோக்கத்துக்குத் திருப்புவதற்குத் தந்தவர்களின் சம்மதம் வேண்டும். மகளின் கோரிக்கையில் உள்ள ஓட்டை அது. அடுத்த முறை 'வளைவுக் காசில்' என்று கேட்காமல் 'இந்த வருடத் திட்டத்தில் மலசலகூடத்துக்கு முதலிடம்' என்று கேட்டால் இந்த எதிர்ப்பில் பாதி எழும்பாது.

இரண்டாவது, ஆளைப் பற்றியது. பெயர், படம், 'வாய்க்காரி', 'ஆர் எழுதிக் குடுத்தது', 'இவள் எவடம், தகப்பன் ஆர்' என்பவை. எவடம் என்று கேட்பதன் அர்த்தம் யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும். ஊரைக் கேட்பதுபோல் கேட்டு சாதியைக் கேட்பது அது. இதை விமர்சனம் என்று ஒருவரும் நியாயப்படுத்த வர வேண்டாம்.

மூன்றாவது, மிரட்டல், உடம்பைப் பற்றிய பேச்சு, மாற்றி ஒட்டிய படம், அவளுடைய பெயரில் போலிக் கணக்கு, எந்த ரியூசனுக்கு எந்த வழியால் போகிறாள் என்ற விசாரிப்பு. இது ஒரு வரி இருந்தாலும் இரண்டு நாள் பொறுக்க வேண்டாம். அன்றைக்கே சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பொலிசுக்குத் தனியாகப் போகத் தயங்கினால் முதலில் அவரிடம் போங்கள்.

இரண்டாவது வகைக்காகப் பொலிசுக்குப் போனால் பெரும்பாலும் திரும்பித்தான் வருவீர்கள். குற்றவியல் அவதூறு 2002 இலேயே எங்கள் சட்டத்திலிருந்து எடுபட்டுவிட்டது; அவதூறு என்றால் குடியியல் வழக்குத்தான். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் காட்டி எல்லாரையும் வெருட்டச் சொல்லி யாராவது புத்தி சொல்லுவார்கள். செய்யாதீர்கள். வெருட்டு முதலாவது வகைக்காரர்கள் மேலும் விழும். கருத்துச் சொல்லப் போன பிள்ளையின் வீட்டார் மற்றவர்களின் கருத்தை அடக்குகிறார்கள் என்று கதை திரும்பிவிடும்.

இரண்டாவது வகைக்கு வழி குழுவின் அட்மின்தான். பொதுவில் எழுதாமல் தனிச் செய்தியாக, நாலு வரியில் கேளுங்கள். இப்படி: 'ஐயா, இந்த லிங்கில் உள்ள பதிவில் 18 வயதுக்குக் குறைந்த மாணவியின் படமும் பெயரும் உள்ளன. அவற்றையும் குடும்பத்தைப் பற்றிய கொமென்ற்களையும் எடுத்துவிடும்படி பெற்றோராகக் கேட்கிறேன். வளைவு, மலசலகூடம் பற்றிய விவாதத்தை எடுக்கச் சொல்லவில்லை. நாளை மாலைக்குள் எடுத்தால் உதவியாக இருக்கும்.' மூன்றாவது வரிதான் முக்கியம். விவாதம் இருக்கட்டும் என்று சொன்னதும் பெரும்பாலான அட்மின்கள் இணங்கிவிடுவார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இணங்காவிட்டால் முகநூலுக்கு றிப்போர்ட் செய்யலாம். 13 வயது தாண்டிய பிள்ளையின் படம் என்றால், முறைப்பாடு பிள்ளையிடமிருந்து வருவதைத்தான் முகநூல் எதிர்பார்க்கும். ஆகவே மகளைப் பக்கத்தில் இருத்தி, அவளுடைய கணக்கிலிருந்து செய்யுங்கள். நூறு பேரைச் சேர்த்து றிப்போர்ட் அடித்தால் கெதியாக எடுபடும் என்பது பிழையான நம்பிக்கை. எண்ணிக்கையை அவர்கள் பார்ப்பதில்லை.

பதில் சொல்ல வேண்டியது பாடசாலை. மகள் அல்ல, நீங்களும் அல்ல. அதிபருக்கு ஒரு கடிதம் எழுதி இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். வாயால் சொன்னது அடுத்த தவணைக்குள் மறந்துபோகும். நீங்கள் கேட்பது ஒரு சிறிய அறிவித்தல். 'இன்ன திகதிக் கூட்டத்தில் மாணவர் பாராளுமன்றத்தின் தீர்மானம் ஒன்று சமர்ப்பிக்கப்பட்டது. அது அந்த மாணவியின் தனிப்பட்ட கருத்து அல்ல. தீர்மானிக்கும் வாக்கு மாணவர்களுக்கு இல்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் அதிபருக்கு எழுத்தில் தரலாம்.' இவ்வளவும் போதும். பிள்ளையின் பெயர் அதில் வரக்கூடாது. அதிபர் தயங்குவார், தெரியும். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற சங்கத்தைப் பகைக்க அவருக்கு ஏலாது. இரண்டு கிழமை பார்த்துவிட்டு அதே கடிதத்தின் பிரதியை வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

'பதவிக்கு வந்தால் தாங்கத்தான் வேண்டும்' என்ற வாதத்துக்கு வருகிறேன். எந்தப் பதவி என்று முதலில் கேட்க வேண்டும். அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில் ஹவார்ட் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே கல்விச் சபையில் மாணவ உறுப்பினர் ஒருவருக்குச் சட்டப்படி வாக்கு உண்டு. 6 முதல் 11 ஆம் வகுப்பு வரையான மாணவர்களே அவரைத் தெரிவு செய்கிறார்கள். கொரோனாக் காலத்தில் பாடசாலை திறப்பதா என்ற கேள்வியில் எட்டுப் பேர் சபை நாலுக்கு நாலாகப் பிரிந்தபோது பெற்றோர் சிலர் அந்த வாக்கே செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். 2022 இல் மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே மாணவரின் வாக்கை ஊர் விமர்சிப்பதில் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் அந்த வாக்கு ஊரைப் பாதித்தது. கனடாவின் ஒன்ராறியோவில் மாணவப் பிரதிநிதியின் வாக்கு பதிவில் மட்டும் இருக்கும், முடிவைக் கட்டாது. எங்கள் அபிவிருத்திச் சங்கத்தில் அதுவும் இல்லை. தலைவர் அதிபர். ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். பிள்ளை அழைத்தால் வந்து சொல்லிவிட்டுப் போகிறவள். முடிவைப் பற்றிக் கோபம் என்றால் முடிவெடுக்கிற பெரியவர்களிடம் கேளுங்கள். இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தில் 12 ஆம் உறுப்புரை பிள்ளையின் கருத்துக்கு இடம் கொடுக்கச் சொல்கிறது. 16 ஆம் உறுப்புரை பிள்ளையின் மானத்துக்கும் தனிவாழ்வுக்கும் பாதுகாப்பு உண்டு என்கிறது. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டால், அடுத்த வருடம் அந்தக் கதிரைக்கு ஒரு பிள்ளையும் வராது.

பழைய மாணவர் சங்கங்களுக்கு எதிராக எழுதுகிறேன் என்று எடுக்க வேண்டாம். போருக்குப் பிறகு எத்தனையோ பாடசாலைகளின் கூரையும் கதிரை மேசையும் அவர்களின் காசு. அந்த நன்றி ஒரு பக்கம், பிள்ளையின் படத்தைச் சந்தியில் தொங்க விடுவது இன்னொரு பக்கம். சந்தி என்றதும் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில் யாழ்ப்பாண வீதிகளைப் பாருங்கள். ரியூசன் நிலையங்களின் பனரில் பதினாறு வயதுப் பிள்ளைகளின் முகம், முழுப் பெயர், பாடசாலை, எத்தனை 'ஏ' என்று மின்கம்பத்துக்கு மின்கம்பம் கட்டியிருக்கும். யாராவது பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினார்களா? ஏழு 'ஏ' எடுத்த பிள்ளைக்கு அந்தப் பனரில் இடம் இல்லை. அந்தப் பிள்ளை தினமும் அதைக் கடந்துதான் போகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று சொல்வீர்கள். பிள்ளையின் முகம் ஊர்ச்சொத்து என்ற எண்ணம் அங்கேதான் பழகுகிறது. புகழும்போது கேட்காமல் போட்டவர்கள் ஏசும்போதும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஆயத்தம் செய்வதைப் பற்றிச் சொல்கிறேன். மகளை நிறுத்திவிடாதீர்கள், ஆனால் தனியாக அனுப்பவும் வேண்டாம். இரண்டு பேராகப் போகட்டும், முடிந்தால் ஒருவர் உயர்தரப் பிள்ளை. பொறுப்பாசிரியர் எழும்பி 'மாணவர் பாராளுமன்றத்தின் தீர்மானத்தை வாசிப்பார்கள்' என்று சொன்ன பிறகு ஒரு பக்கத்தை வாசித்து, பிரதியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். காசைப் பற்றிய கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லக்கூடாது. குறுக்குக் கேள்வி கேட்டால் ஆசிரியர்தான் எழும்ப வேண்டும். அந்தப் பக்கத்தின் தலைப்பில் தீர்மானம் எடுத்த திகதி, எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் ஆதரவு என்பவை இருக்கட்டும். 'ஆர் எழுதிக் குடுத்தது' என்பதற்கு அதுதான் பதில்.

உள்ளே 'மோசம்', 'அசிங்கம்' என்ற சொற்கள் வேண்டாம். எண்ணிக்கை எழுதுங்கள். பாடசாலைகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் 25 பெண் பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடம். ஒரு பாடசாலையில் 380 பெண் பிள்ளைகள் என்று வைத்தால் 16 வேண்டும். பாவிக்கக் கூடியது 6 என்றால், 20 நிமிட இடைவேளையில் ஒருவருக்கு 2 நிமிடப்படி 60 பேருக்குத்தான் முறை வரும். மற்றவர்கள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். எண்ணும்போது கட்டிடத்தை எண்ணாமல் பாவிக்கக் கூடியதை எண்ணச் சொல்லுங்கள். உள்ளே கொண்டி பூட்டுமா, இடைவேளை நேரத்தில் தண்ணீர் வருமா, மூடியுள்ள குப்பை வாளி இருக்கிறதா. காலையில் தாங்கி நிறைந்திருந்து பத்தரைக்கு வெறுமையாவது பல இடத்தில் நடக்கிறது. அப்படியென்றால் புதுக் கட்டிடத்துக்கு முன்னம் தாங்கியையும் மோட்டரையும் பார்க்க வேண்டும். செலவும் குறைவு, சங்கம் இணங்குவதும் சுலபம். ஐந்து நாள் தொடர்ந்து எண்ணி எழுதிய தாளை ஏசி மறுக்க ஒருவராலும் முடியாது.

கடைசியாக, கூட்ட அறிக்கை. போன கூட்ட அறிக்கையில் மகளின் பெயர் போட்டு 'இன்னார் கேட்டுக்கொண்டார்' என்று எழுதியிருக்கக் கூடும். முகநூலுக்குப் போன பெயர் பெரும்பாலும் அதிலிருந்துதான் போயிருக்கும். அடுத்த கூட்டம் தொடங்கியதும் அந்த அறிக்கையை வாசிப்பார்கள். ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிவதற்கு முன்னம் நீங்கள் எழும்பி, பெயரை எடுத்துவிட்டு 'மாணவர் பாராளுமன்றத்தின் சார்பில்' என்று திருத்தும்படி கேளுங்கள். வழிமொழிந்த பிறகு கேட்டால் அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே நேரத்தோடு போய் முன்வரிசையில் இருங்கள்.