மல்லிகைக் கொழுந்து வெளுத்தால் சுண்ணாம்பு தூவலாமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஐம்பது சென்டில் மல்லிகை போட்டிருக்கிறேன். கரிசல் மண், போர்த் தண்ணீர். இரண்டு மாதமாகக் கொழுந்து இலை மஞ்சளாகவே வருகிறது. நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டும் மாறவில்லை. மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பு தூவு என்கிறார்கள். தூவலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. வாங்கி வைத்திருந்தாலும் மூட்டையைப் பிரிக்காதீர்கள். சுண்ணாம்பு புளித்த மண்ணுக்கு, அதாவது நீலகிரி போல மழை கொட்டும் மலை மண்ணுக்கு உரிய வைத்தியம். உங்கள் பக்கத்துக் கரிசலில் பெரும்பாலும் சுண்ணாம்பு ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கிறது.

நீங்களே பார்த்துவிடலாம். செடியோரம் அரை அடி தோண்டி ஒரு கைப்பிடி மண்ணைக் காயவைத்துத் தட்டில் பரப்பி, எலுமிச்சையைப் பிழியுங்கள். காதருகே வைத்தால் சுர்ரென்று சத்தம் கேட்கும், நுரை பூக்கும். புளிப்பு பட்டதும் சுண்ணாம்பு வாயுவை விடுகிறது, அதுதான் அந்த நுரை.

மண்ணின் புளிப்பையும் காரத்தையும் பி.எச். என்ற அளவில் சொல்வோம். 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம், அதனால் 7-க்கும் 8-க்கும் இடைவெளி சின்னதல்ல. மல்லிகைக்கு 6.5 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. காரம் ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் கரையாது, வேரால் உறிஞ்ச முடியாது. இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது என்பதால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும். யூரியா தரும் தழைச்சத்துக் குறை என்றால் அடி இலை முதலில் பழுத்திருக்கும். யூரியா பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

இப்போதைக்கு அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட் உப்பை, இலைவழியாகக் கொடுங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். போர்த் தண்ணீரில் நேரடியாகப் போட்டால் துருநிறமாகக் கலங்கி வீணாகும். முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துவிட்டு அப்புறம் அன்னபேதியைப் போடுங்கள். கடையில் வாங்கும்போது வெளிர்பச்சையாக இருக்கிறதா பாருங்கள். பழுப்பேறியது பழைய சரக்கு. வெயில் தாழ்ந்த பிறகு, பூப்பறிப்பு முடிந்த நாளில் அடியுங்கள். பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை போதும். மண்ணில் கொட்டினால் சுண்ணாம்பு அதையும் கட்டிப்போட்டுவிடும், காசுதான் நஷ்டம்.

ஒரு செடியோரம் தோண்டி வேரையும் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அழுகியிருந்தால் வேரழுகல். இரண்டிலும் இலை மஞ்சளாகும், அதற்கு வைத்தியம் வேறு. தண்ணீர் தேங்கினாலும் இந்த வெளுப்பு கூடும், கரிசலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர் விடுங்கள்.

நிரந்தரமாகச் சரிசெய்யத் தொழுவுரம்தான் என் முதல் தேர்வு. கார்த்திகைக் கவாத்துக்குப் பிறகு செடிக்கு பத்து கிலோ வையுங்கள், மக்கும்போது வரும் புளிப்பு வேரோரத்தில் இரும்பை இளக்கும். யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் போடலாம். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கானது. பரிசோதனை முடிவு வராமல் அதைத் தொடாதீர்கள்.

பத்துப் பன்னிரண்டு இடத்தில் மண் எடுத்துக் கலந்து அரைக் கிலோவும், போர்த் தண்ணீர் ஒரு பாட்டிலும் ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். வரப்போரம், எருக்குழிப் பக்கம் மண் எடுக்க வேண்டாம். மருந்தடித்த பிறகு பழைய இலையைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள் அம்மா, அடுத்து வரும் துளிரைப் பாருங்கள்.