புதுக் காரா, பழைய காரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: காலம் முழுக்கப் புதுக் கார் வாங்கி ஓட்டுவதா, செகண்ட் ஹேண்ட் காரிலேயே ஓட்டிவிடுவதா? ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: இனிமேல்தான் முதல் கார் வாங்கப் போகிறேன். இன்னும் 40 வருடம் ஓட்டுவேன் என்று வைத்துக்கொண்டால் எது மலிவு?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். புதுக் காரின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 வருடம் கழித்து விற்றால் 55, 5 வருடத்தில் 50, 12 வருடத்தில் 15, 15 வருடத்தில் 10 கிடைக்கும் என்று கொள்வோம். மாடலைப் பொறுத்து எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கணக்கின் போக்கு மாறாது.

5 வருடத்துக்கு ஒருமுறை புதிது வாங்கி விற்பவர் ஒவ்வொரு தடவையும் 50 இழக்கிறார். 40 வருடத்தில் 8 கார், மொத்தம் 400. நாலு புதுக் காரின் விலை தேய்மானத்திலேயே போய்விடுகிறது. புதிது வாங்கி 15 வருடம் வைத்திருப்பவருக்கு ஒரு காரில் 90 போகும். ஆனால் வருடத்துக்கு 6 தான் ஆகிறது. 40 வருடத்தில் 240. நாலு வருடப் பழைய காரை 55-க்கு வாங்கி, 8 வருடம் ஓட்டி, 15-க்கு விற்பவருக்கு 5 கார், மொத்தம் 200.

முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் 160 வித்தியாசம். இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் 40 தான். அந்த 40-ம் முழுசாகக் கையில் நிற்காது. ஐந்து முறையும் வாங்கிய கையோடு டயர், பேட்டரி, பெல்ட் என்று முந்தைய ஓனர் தள்ளிப்போட்ட வேலைகள் உங்கள் தலையில் விழும். ஆகவே புதிதா பழையதா என்பதைவிட, வாங்கிய காரை எத்தனை வருடம் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்; நிறையப் பேர் நல்ல காரை அலுத்துப்போய் விற்றுத்தான் பணத்தை இழக்கிறார்கள்.

கடன் இருந்தால் கணக்கு பழைய கார் பக்கம் சாயும். 100-க்குக் கட்டும் வட்டியும் 55-க்குக் கட்டும் வட்டியும் ஒன்றல்ல. லோன் முடிவதற்குள் காரை மாற்றி, மிச்சக் கடனையும் அடுத்த லோனில் சேர்த்துக்கொள்வதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இல்லாத காருக்கும் சேர்த்து வட்டி கட்டுவீர்கள்.

கேள்வி: முதல் வருடத்திலேயே விலை இவ்வளவு இறங்குவது ஏன்? அப்படியானால் ஒரு வருடக் கார் நல்ல பேரம்தானே?

முதல் வருடம் 15 முதல் 25 சதவீதம் வரை இறங்குவது சகஜம். இரும்பும் ரப்பரும் அந்த அளவுக்குத் தேய்ந்திருக்காது. காரணத்தை 1970-லேயே ஜார்ஜ் அக்கெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் விளக்கினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சுமாரான காருக்குரிய விலையைத்தான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையில் மோசமான கார்களின் பங்கு கூடும், விலை இன்னும் இறங்கும். 2001-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைக்க இந்த ஆய்வுதான் அடிப்படை.

ஆகவே ஒரு வருடக் காரைப் பார்க்கும்போது முதல் கேள்வி 'ஏன் விற்கிறீர்கள்?' என்பதுதான். ஊர் மாறுகிறார்கள், டீலரின் டெஸ்ட் டிரைவ் வண்டி, குத்தகை முடிந்த வண்டி என்று நம்பக்கூடிய காரணம் இருந்தால் அருமையான பேரம். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். இன்னொன்று: 2021-ல் சிப் தட்டுப்பாட்டின்போது ஒரு வருடக் கார்கள் புதுசின் விலையை ஒட்டியே விற்றன. அந்த மாதிரி நேரத்தில் காத்திருந்தாவது புதிதையே வாங்குவது மேல்.

கேள்வி: 10 வருடக் கார், 30,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிறார்கள். அதிர்ஷ்டமா?

முதலில் அந்த எண் உண்மைதானா என்று பாருங்கள். பிரேக் பெடலின் ரப்பர் வழவழப்பாகி, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட்டின் ஓரம் நைந்திருந்தால் மீட்டரில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்தது. காரைவிட டயர் புதிது என்றால் அது இரண்டாவது செட். 30,000 கிலோமீட்டர் ஓடிய காரில் இரண்டாவது செட் டயர் தேய்ந்து கிடந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எண் உண்மையாகவே இருந்தாலும், நின்ற வண்டிக்கும் வயசாகும். இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் சரியான நேரத்தில் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டுமில்லை, வருடக் கணக்கும் உண்டு. அது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால்தான் பொதுவாக 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். தினமும் ஓடி, பில்லோடு சர்வீஸ் ஆன ஒரு லட்சம் கிலோமீட்டர் காரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: மெக்கானிக்கைக் கூட்டிப்போகும் முன் நானே எதையெல்லாம் பார்க்கலாம்?

நிறைய. 'நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்கத்தான் முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். வெளிர் பழுப்பு நுரை படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. குளிர் காலத்தில் குட்டிக் குட்டித் தூரம் மட்டும் ஓடிய வண்டியிலும் லேசாக இது வரும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் சேர்ந்து குறைகிறது என்றால், இன்ஜினின் மேல்பாகத்தைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. தொடர்ந்து கரும்புகை வந்தால் எரிபொருள் தேவைக்கு மேல் போகிறது. முதல் சில விநாடி முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்து நின்றால், டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம்.

வெள்ளத்தில் நின்ற காரா என்று பார்க்க, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். காரைக் கழுவி வாசனை அடிப்பவர்கள்கூட பெல்ட்டின் அந்தக் கடைசி முழத்தைக் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில், சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும். சின்ன ஸ்கேனரைச் செருகினால் இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுகள் தெரியும். 'ஒன்றுமே இல்லை' என்று காட்டினால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். விற்பதற்குச் சற்று முன் அழித்திருக்கலாம். ஸ்கேனரிலேயே 'ரெடினெஸ்' என்ற பகுதியைப் பாருங்கள்; கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று அது காட்டும். கோளாறுகளை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அந்தச் சோதனைகள் எல்லாம் 'இன்னும் முடியவில்லை' என்று மாறிவிடும். திரும்ப முடிய சில நாள் ஓட்டம் வேண்டும். பல சோதனைகள் முடியாமல் நின்றால், ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திரும்பக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ரிப்பேர் செலவு காரின் விலையில் பாதி வருகிறது. தள்ளிவிடலாமா?

காரின் இன்றைய விலையோடு ரிப்பேரை ஒப்பிடுவதுதான் தவறு. ஒப்பிட வேண்டியது அடுத்த காருக்கு ஆகும் செலவை. முதல் பதிலில் சொன்னபடி, புதுக் கார் 5 வருடத்தில் 50 இழக்கிறது, வருடத்துக்கு 10. உங்கள் காரின் மதிப்பு 14, ரிப்பேர் 7 என்றால், அந்த 7 இன்னும் ஒரு வருடம் ஓட்டினாலே ஈடாகிவிடும்.

கிளட்ச், சஸ்பென்ஷன், ரேடியேட்டர், ஏசி கம்ப்ரஸர் போன்றவை மாற்றினால் தீரும் வேலைகள், செய்யுங்கள். அடிச்சட்டத்தில் துரு, வெள்ளத்தில் நனைந்த வயரிங், மூன்று முறை பார்த்தும் காரணம் பிடிபடாத மின் கோளாறு ஆகிய மூன்றும் முடிவில்லாத செலவு. அங்கே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ஒரு கார் எத்தனை கிலோமீட்டர்தான் தாங்கும்?

அமெரிக்காவின் இர்வ் கார்டன் 1966-ல் புதிதாக வாங்கிய வால்வோ பி1800 காரை 2013-ல் 30 லட்சம் மைல் தாண்டி ஓட்டினார், கிட்டத்தட்ட 48 லட்சம் கிலோமீட்டர். ஆயில் மாற்றுவது முதல் எல்லாவற்றையும் கையேட்டில் சொன்னபடி காலத்தில் செய்ததுதான் அவர் சொன்ன காரணம். எல்லோராலும் அது முடியாது. ஆனால் 2 லட்சம் கிலோமீட்டரை இன்றைய கார்களுக்கு முடிவு என்று நினைக்க வேண்டியதில்லை.

கேள்வி: பழைய கார் பாதுகாப்பானதா?

இதில் மட்டும் பணத்தைப் பார்க்காதீர்கள். வழுக்கும்போது காரை நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்லாத காரை வாங்காதீர்கள். அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்தும், ஐரோப்பாவில் 2014 இறுதியிலிருந்தும் எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரத்தையும் மறக்க வேண்டாம். அதிலிருந்த அமோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டு, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் தெறித்து உயிர்கள் போயின. 17 எழுத்து சேஸிஸ் எண்ணைக் கார் நிறுவனத்திடம் கொடுத்து, குறையைச் சரிசெய்ய நிறுவனம் திரும்ப அழைத்த (ரீகால்) வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வேலைக்குப் பொதுவாகப் பணம் வாங்க மாட்டார்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் மின்சாரக் கார் வாங்கலாமா?

வாங்கலாம், பேட்டரியைப் பார்த்து. மீட்டர் ஓட்டத்தைவிட பேட்டரியில் மிச்சமிருக்கும் கொள்ளளவு முக்கியம். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. அதில் எவ்வளவு மிச்சம், ஓனர் மாறினாலும் தொடருமா என்று எழுத்தில் வாங்குங்கள். வெப்பம்தான் பேட்டரியின் எதிரி. முதல் தலைமுறை நிசான் லீஃப் மாதிரி, பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு இல்லாத கார் சூடான பகுதியில் ஓடியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 100 சதவீதம் சார்ஜில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். எவ்வளவு தூரத்துக்கு எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறித்துக்கொண்டு, அதன்பிறகு விலை பேசுங்கள்.